பச்சை நாற்காலியில் ஒருத்தி

போட்டோவில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நடுவில் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் பார்க்கவில்லை. அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் எதையோ ஏந்துவது போல மடியில் வளைந்திருந்தன. மடியில் ஒன்றுமில்லை.

"கண்ணுக்குத் தெரியாத சோத்துத் தட்டு வெச்சிருக்காக்கா," என்றேன்.

நிர்மலா அக்கா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டால் கேஸ் பெரியது என்று அர்த்தம்.

நான் இன்னாசி. முன்பு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கும் கோர்ட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது 'நிர்மலா துப்பறியும் நிலைய'த்தின் உதவியாளர். அக்கா கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து வெளியே வந்தவர். வருடக்கணக்கில் பொய் சாட்சிகளை டைப் அடித்ததில், ஒருவர் வாயைத் திறக்கும்போதே பொய் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் லீவு கேட்க வாயைத் திறந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

எங்கள் ஆபீஸ் மாடியில். கீழே ஜீவாவின் கலர் லேப். மூடிப்போன ஒரு பழைய ஸ்டுடியோவின் நெகட்டிவ்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, கறுப்பு வெள்ளைக்கெல்லாம் கலர் கொடுத்து, 'அன்றைய கள்ளக்குறிச்சி' என்று கடை முழுக்க மாட்டியிருந்தான் ஜீவா. சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவர், பஸ் மேல் ஏறி மூட்டை கட்டுகிறவர், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற பெண். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ஓட்டல்காரர்களும் ஜவுளிக் கடைக்காரர்களும் சுவருக்கு அழகு என்று வாங்கிப் போனார்கள். எல்லா மனிதர்களுக்கும் ஜீவா ஒரே மாதிரி இளஞ்சிவப்புத் தோல் கொடுத்திருந்ததால், அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சியில் வெயிலே அடிக்கவில்லை என்று நினைக்கத் தோன்றும்.

அன்று காலை கீழே சத்தம்.

"எம் பொண்ணு போட்டோவ எதுக்குடா கடையில மாட்டிக்கினு இருக்க?"

ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் ஜீவாவின் சட்டையைப் பிடித்திருந்தார். கரும்புச் சோகை கிழித்த பழைய தழும்புகள் கை நிறைய இருந்தன. பேர் காசியம்மாள், ஊர் கச்சிராயபாளையம்.

"அய்யோ, இது ஒங்க பொண்ணு இல்லீங்கம்மா," என்றான் ஜீவா. "அம்பது வருசத்துக்கு முந்தி எடுத்ததுங்க. நான் கலர் மட்டுந்தாங்க குடுத்தேன்."

சட்டையைப் பிடித்திருந்த கை அப்படியே தளர்ந்தது. காசியம்மாள் திரும்பி அந்தப் பச்சை நாற்காலிப் பெண்ணைப் பார்த்தார். பேய் அறைந்தது போல என்பார்களே, அதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

மாடிக்கு அழைத்து வந்து தண்ணீர் கொடுத்தோம். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப அது எங்கம்மா."

அக்கா நோட்டைத் திறந்தார்.

"பேரு பெரியம்மாள். நான் கைக்கொழந்தையா இருக்கசொல்ல என்னத் தூக்கிப் போட்டுட்டு எவங்கூடவோ மலைக்கு ஓடிட்டா. எங்கப்பா வூட்டுல அப்பிடி சொல்லித்தான் வளத்தாங்க. மொகம் கூட எனக்குத் தெரியாது. ஒரு போட்டோ கெடையாது. ஆனா எம் மவ கலையரசி இருக்காளே, அவளுக்கு அச்சு அசலா இதே மொகம். ஊர்ல பாத்தவங்க, ஒம் பொண்ணு போட்டோ கடையில தொங்குதுன்னு வந்து சொன்னாங்க."

"போட்டோவுல பக்கத்துல நிக்கிறவர் யாருங்க?" என்றார் அக்கா.

"வேற யாரு? இட்டுக்கினு ஓடுனவன். தோளு மேல கைய போட்டுக்கினு நிக்கிறான் பாத்தீங்களா, வெக்கங்கெட்டவன்."

உண்மைதான். நாற்காலிக்குப் பின்னால் ஓர் இளைஞன். கல்யாண போட்டோவிலேயே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முழம் தள்ளி நின்ற காலத்தில், அவன் அவளுடைய தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாங்க என்ன செய்யணும்?"

"அவ உசுரோட இருந்தா கண்டுபுடிச்சுக் குடும்மா. ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஏன் என்ன வுட்டுட்டுப் போனன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

"ஒங்க பொண்ணு கலையரசி எங்க இருக்காங்க?"

காசியம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவளும் அப்பிடித்தான் போயிட்டா. புடிச்சவனோட. உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கா. புள்ள பொறந்து மொகம் பாக்குற மாதிரி ஆயிடுச்சாம். நான் பாக்கல. கல்யாணம் கட்டிக்கினு வாசல்ல வந்து நின்னா. ஓடிப்போனவ ரத்தம் வேற எப்பிடி இருக்கும்னு சொல்லிக் கதவ சாத்திட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் அசையவில்லை. டம்ளரை மட்டும் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவரை உட்கார வைத்துவிட்டுக் கீழே வந்தோம். அக்கா போட்டோ முன்னால் நின்று வெகு நேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"இன்னாசி, உனக்கு என்ன தோணுது?"

"போட்டோக்காரரு ஞாயித்துக்கெழம வந்துட்டாரு போலக்கா. எண்ணெ தேச்சு முழுகிட்டுத் தலைய காய வெச்சிக்கினு நிக்கிறாங்க எல்லா பொம்பளையும். ஒருத்தி கூட கொண்டை போடல. ஷாம்பு விளம்பரம் மாதிரி இருக்கு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் ஏதோ சரியாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. என்ன சொன்னேன் என்றுதான் தெரியவில்லை.

"ஜீவா, பின்னால இருக்கிற டிரம்முக்கு ஏன் நீலம் குடுத்த?"

"தண்ணி டிரம்முக்கா. நீலமாத்தான இருக்கும்?"

"அம்பது வருசத்துக்கு முன்னால பிளாஸ்டிக் டிரம் ஏது?"

ஜீவா தலையைச் சொறிந்தான். "அப்ப இரும்பு. கறுப்பா இருக்கும். தார் டிரம்."

"மலைக்கு ரோடு போட்ட காலம்," என்றார் அக்கா. "ரோடு வேலைக்கு வந்தவங்க கொட்டாய் போட்டுத் தங்குன எடம். சரி, கலர் குடுக்கிறதுக்கு முன்னால வேற என்ன செஞ்ச?"

"கிளீன் பண்ணேன். நெகட்டிவ் படு மோசம்கா. மூஞ்சியில புள்ளி, கோடு, மடிகிட்ட ஒரே பூஞ்சை. எல்லாத்தையும் தொடச்சு, பொட்டு வெச்சு, லட்சணமாக்கிட்டேன்."

"தொடைக்கிறதுக்கு முந்தின பைல் இருக்கா?"

"வேற ஹார்ட் டிஸ்குல கெடக்கும். தேடி போனுக்கு அனுப்பிடறேன். ஆனா பாக்க நல்லா இருக்காதுக்கா."

மலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வெங்கடேசனின் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். காசியம்மாள் ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வேப்ப மர நிழலில் மஞ்சப் பையோடு உட்கார்ந்துவிட்டார். கல்லாவுக்கு மேலே ஜீவா விற்ற இன்னொரு படம் மாட்டியிருந்தது. ஊதா சட்டை, மாலை, கன்னத்தில் ரோஜாப்பூ நிறம். பழுப்பு நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். நான் மாதக்கணக்கில் அவரைப் பார்த்துக்கொண்டேதான் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறேன்.

"ராசியான மொகங்க," என்றார் வெங்கடேசன். "யாரு வூட்டுப் பெரியவரோ. மாட்டுனதுல இருந்து கூட்டம் ஜாஸ்தி."

அக்கா சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"இன்னாசி, அந்த நாற்காலியோட இடது கைப்பிடியப் பாரு."

கைப்பிடி நுனியில் சங்கு மாதிரி ஒரு சுருள் செதுக்கியிருந்தது. அதில் பாதி உடைந்திருந்தது. எங்கேயோ பார்த்த உடைசல். பையில் இருந்த பச்சை நாற்காலிப் படத்தை அக்கா மேசைக்கு அடியில் விரித்தார். அதே சுருள், அதே உடைசல்.

"ஒரே நாற்காலிக்கா. ஜீவா ஒண்ணுக்குப் பச்சை அடிச்சான், ஒண்ணுக்குப் பழுப்பு அடிச்சான். அதான் நமக்குத் தெரியல. ஆனா அது மலை, இது ஏதோ தெரு. நாற்காலி எப்பிடி நடந்துச்சு?"

"போட்டோக்காரர் கையோட எடுத்துக்கினு போயிருக்கார்."

"எதுக்கு? எல்லார் வூட்டுலயும் பெஞ்சு, முக்காலி ஏதாவது இருக்குமே."

"முக்காலியில சாய முடியாது," என்றார் அக்கா. "நீ சாப்பிட்டு முடி. அப்புறம் சொல்றேன்."

மோர் வரைக்கும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்தப் புண்ணியம் அக்காவுக்கு.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி பஸ் மலை ஏறத் தொடங்கியது. காசியம்மாள் முன் சீட்டில் தனியாக இருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் மூன்று வரிசை பின்னால்.

"இப்ப சொல்லுங்கக்கா."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஒரு வூட்டுல இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் எப்ப சேந்து தலைய விரிச்சுப் போடுவாங்க இன்னாசி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஏற்கெனவே ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதற்குள் அக்கா படத்தை எடுத்து என் மடியில் விரித்தார்.

"அவ மட்டும் தலை சீவி, பூ வெச்சிருக்கா," என்றார் அக்கா. "மத்தவங்க மூஞ்சி எல்லாம் லேசா கலைஞ்சிருக்கு பாரு. பனி மூட்டம், வெளிச்சம் பத்தல, கேமராவ ரொம்ப நேரம் தொறந்து வெச்சு எடுத்திருக்கார். உசுரோட இருக்கிறவங்க எவ்வளவு அசையாம நின்னாலும் மூச்சு விடுவாங்க. அவ மட்டும் துளி கூட அசையல."

"ஜீவா மூஞ்சியில தொடச்ச புள்ளி?"

"நெத்திக் காசு. கோடு, தாடையோட சேத்துக் கட்டுன துணி. நாற்காலியில சாத்தி வெச்சு, குடும்பத்தோட கடைசியா ஒரு போட்டோ. அந்தக் காலத்துல அதான பழக்கம்? நெறைய பேருக்கு வாழ்க்கையிலயே அது ஒண்ணுதான் போட்டோ. கண்ணை நெகட்டிவ்லயே பென்சிலால தொறந்து விட்டிருக்கார்."

"அப்ப மெஸ்ஸுல இருக்கிறவரு?"

"அவரும்தான்."

ராசியான முகம் என்று வெங்கடேசன் சொன்னது நினைவுக்கு வந்தது. இனிமேல் அங்கே கல்லாவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பும்போது, அந்தப் பச்சை நாற்காலிக்காரி அடுத்த வளைவில் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டேன்.

"அந்தம்மாகிட்ட சொல்ல வேணாமா?"

"ஊகத்த எல்லாம் ஒருத்தர் தலையில கொட்டக் கூடாது. எனக்கு இன்னும் ஒண்ணு புரியல. போட்டோக்காரர் கண்ணு தொறந்தா நேராத்தான் பாக்க வெப்பார். இவள ஏன் குனிஞ்சு பாக்க வெச்சார்?"

அப்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் சிக்னல் வந்து அக்காவின் போன் முனகியது. ஜீவா அனுப்பிய பழைய பைல். கீழே ஒரு வரி: 'பூஞ்சையோட இருக்குக்கா, பார்க்க நல்லா இருக்காது, யார்கிட்டயும் காட்டாதீங்க.'

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை அணைத்துப் பைக்குள் வைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

ஊரார் பொய்யை எல்லாம் கண்டுபிடிக்கிறவருக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்ல வராது.

வெள்ளிமலையில் இறங்கி, ஒரு டீக்கடையில் விசாரித்தோம். ரோடு போட வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர் யாராவது உண்டா? கடைக்காரர் யோசிக்கக்கூட இல்லை. அப்படி ஒருத்தர்தான், பேர் பொன்னுரங்கம், பலா மரத்துக்கு அந்தப் பக்கம் வீடு என்றார்.

வாசலில் கடுக்காய் காயப் போட்டிருந்தது. எழுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர் குந்தி உட்கார்ந்து அதைக் கிளறிக்கொண்டிருந்தார். காசியம்மாள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கடுக்காயை மிதித்துக்கொண்டே நேராகப் போய், படத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதுல நிக்கிறது நீதான?"

பொன்னுரங்கம் படத்தை வாங்கினார். கண்ணைச் சுருக்கினார். அவருடைய வாய் மெல்லத் திறந்தது.

"இது எப்பிடி வந்துது? அடுப்புல போட்டு எரிச்சாங்களே, எங் கண்ணு முன்னாடி."

"எங்கம்மா எங்க?"

"யாரு நீ?"

"நீ இட்டுக்கினு ஓடியாந்தியே, அவ மவ. காசியம்மா. எங்க அவ? வெளிய கூப்புடு. மொகத்த நான் பாக்கணும்."

பொன்னுரங்கம் படத்தைக் கீழே இறக்கினார்.

"ஓடியாந்தாளா? அப்பிடியா சொன்னாங்க ஒன்கிட்ட? அவ எங் கூடப் பொறந்த அக்காம்மா."

"பொய் சொல்லாத. தோளு மேல கைய போட்டுக்கினு நிக்கிற."

"அவளால ஒக்கார முடியலம்மா. சாஞ்சு சாஞ்சு வுழுந்தா. நான்தான் வுழாம புடிச்சிக்கினு நின்னேன்." அவருடைய விரல் படத்தில் இருந்த சிவப்புப் பொட்டைத் தடவியது. "இங்க காசு இருந்துதே. காசக் காணமே."

காசியம்மாளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. பலா மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

பொன்னுரங்கம் துண்டு துண்டாகச் சொன்னார். அப்போது அவர் இங்கே தார் ரோடு கூலி. கீழே அக்காவுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. புருஷன் வீட்டார் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வெளியே போகச் சொன்னார்கள். அவள் தம்பியைத் தேடி மலையேறி நடந்தே வந்தாள். வந்தவள் கொட்டகையில் படுத்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை.

"கீழ சேதி சொல்லி அனுப்பினேன். காய்ச்சக்காரிய தொரத்துனது யாருன்னு ஊரு கேக்கும்ல? அதான் ஓடிட்டான்னு கத கட்டிட்டாங்க. ஓடிட்டான்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

பனி பலா மரத்தின் பாதியை மறைத்துவிட்டிருந்தது. காசியம்மாள் பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"செத்துட்டா. செரி. அவ மேல தப்பு இல்ல. ஆனா என்ன அவங்க கையில வுட்டுட்டுத்தான வந்தா? சாவப் போறவ கூட என்னத் தூக்கிக்கினு வரல பாரு."

"யாரு சொன்னது?" பொன்னுரங்கம் நிமிர்ந்தார். "அந்தக் காய்ச்சல்லயும் ஒன்ன இடுப்புல தூக்கிக்கினுதான் வந்தா. கொட்டாய்க்கு வந்து ஒன்ன எங் கையில குடுத்துட்டுத்தான் கீழ வுழுந்தா."

"பொய். எல்லாரும் எனக்கு இத்தினி வருசமா பொய்யே சொல்லிக்கினு இருக்கீங்க." காசியம்மாள் படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி விரித்துக் காட்டினார். "இங்க பாரு. எல்லாரும் இருக்கீங்க. நான் எங்க இதுல? நான் எங்க?"

பெரியவர் படத்தின் மேல் குனிந்தார். அவர் முகத்தில் குழப்பம் பரவியது. விரல் அந்தப் பெண்ணின் மடிக்குப் போனது. வெற்றுச் சேலையைச் சுரண்டியது.

"இங்கதான். மடியிலதான் வெச்சோம். எங்க போச்சு? புள்ள எங்க போச்சு?"

அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார். பேய் பிசாசு எல்லாவற்றையும் கிண்டல் பண்ணியே வளர்ந்தவன் நான். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

நிர்மலா அக்கா பையின் முடிச்சை அவிழ்த்துப் போனை எடுத்தார்.

"காசியம்மா, இதப் பாருங்க. கலர் குடுக்கிறதுக்கு முன்னால இருந்தது."

கறுப்பு வெள்ளை. நெற்றியில் காசு, தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. மடியில், வளைந்த இரண்டு கைகளுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு கலங்கல். பார்த்தவுடன் பூஞ்சை என்றுதான் யாரும் சொல்வார்கள். அக்கா அதைப் பெரிதாக்கினார். கலங்கலின் ஓரத்தில், ஒரே ஒரு இடத்தில் மட்டும், அசையாமல் நின்றுபோன ஒரு சின்னக் கை இருந்தது. அது அந்தப் பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்திருந்தது.

"நீங்க ஒரு எடத்துல நிக்கல," என்றார் அக்கா மெதுவாக. "காலை ஒதைச்சுக்கினு இருந்திருக்கீங்க. அதான் கலைஞ்சு போய் கறை மாதிரி விழுந்திருக்கு. கடைக்காரப் பையன் கறைன்னு நெனச்சு தொடச்சுட்டான்."

பொன்னுரங்கம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "போட்டோக்காரரு சொன்னாரு, புள்ள ஆடுது, வேணாம், தூக்கிடுன்னு. பொணத்து மடியில புள்ளைய வெக்கக் கூடாதுன்னு பொம்பளைங்களும் சண்ட போட்டாங்க. நான்தான் கேக்கல. தாயும் புள்ளையும் ஒண்ணா ஒரு போட்டோவாச்சும் இருக்கட்டும், நாளைக்கு இந்தப் புள்ளைக்கு மொகம் தெரியணும்னேன். கண்ண தொறந்து வுடுங்கய்யா, புள்ளைய பாக்குற மாதிரி தொறந்து வுடுங்கன்னு கெஞ்சுனேன்."

இப்போதுதான் கவனித்தேன். போட்டோவில் நின்ற ஆண்கள் எல்லோர் தோளிலும் துண்டு இருந்தது, அந்த இளைஞனைத் தவிர. குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளை அவனுடைய துண்டு.

"ஒங்கப்பன் வூட்டு ஆளுங்க வந்தாங்க," என்றார் பெரியவர். "பொணத்தப் பாக்க இல்ல. ஒன்னத் தூக்கிக்கினு போவ. நான் போட்டோவ எடுத்துக்கினு கீழ வந்தேன். அதப் புடுங்கி அடுப்புல போட்டு, என்னையும் அடிச்சுத் தொரத்திட்டாங்க. அப்புறம் எனக்கு மலைய வுட்டு எறங்கவே புடிக்கல." சற்று நேரம் கழித்துப் படத்தைச் சுட்டிக் காட்டினார். "சீல இந்தக் கலரு இல்ல. மஞ்சளு. வயித்துல பூச்சி கடிச்ச மாதிரி அழுவ, அந்த முந்தானையில சுத்துனாத்தான் தூங்குவ."

காசியம்மாள் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரையில் இருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தார். பிறகு தழும்பு விழுந்த தன் கையைப் பார்த்தார். தரையில் கடுக்காய்களுக்கு நடுவே உட்கார்ந்து, "மாமா," என்றார். நான் பலா மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் என்ன வெட்கம்.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். அந்தக் கொண்டை ஊசி வளைவில் அக்காவின் போனில் சிக்னல் தலை காட்டியதும் காசியம்மாள், "எம் மவ நம்பரப் போட்டுக் குடு தம்பி," என்றார் என்னிடம். நம்பர் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஒரு நாள் கூடப் பேசாத நம்பர்.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஒரு குழந்தையின் சத்தம் முதலில் கேட்டது.

"கலை, நான்தான். இல்லடி, ஒண்ணும் ஆவல. நீ புள்ளையத் தூக்கிக்கினு அலையாத. நானே வரேன். நாளைக்கு. ஆமா, உங்க வூட்டுக்குத்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒன் ஆயா ஓடிப் போவலடி. என்னத் தூக்கிக்கினுதான் போயிருக்கா."

பஸ் வளைவைத் தாண்டியது. போனில் சத்தம் நின்று, சிக்னல் போய்விட்டது என்று திரை காட்டியது. நான் கை நீட்டினேன். நிர்மலா அக்கா என் கையைத் தட்டிவிட்டார். கச்சிராயபாளையத்து விளக்குகள் தெரிகிற வரைக்கும் காசியம்மாள் அந்தப் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.